காப்பர்-டி: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கருத்தடைக்காகக் கருப்பைக்குள் வைக்கும் சிறு சாதனமான காப்பர்-டியைப் பொருத்திக்கொண்டவரிடம் "தொந்தரவு இருந்தால் வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. எது தொந்தரவு என்று தெரியாமல், வழக்கமான உதிரப்போக்குக்கே பயந்து எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. எப்போதோ நழுவி விழுந்துவிட்டதை அறியாமல், அது உள்ளே இருப்பதாகவே நம்பியிருப்பவர்களும் உண்டு.

முதல் 3 முதல் 6 மாதங்கள் மாதவிடாய் கூடுதலாகப் போகலாம். அடிவயிறு இழுத்துப் பிடிக்கலாம். பெரும்பாலோருக்கு மெல்லக் குறைந்துவிடும். மணிக்கு ஒரு நாப்கின் வீதம் 2 மணி நேரம் தொடர்ந்து நனைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த அளவு இல்லாவிட்டாலும், களைப்பும் மூச்சுவாங்கலும் இருந்தால் ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது.

அதிகம் கைவிடப்படுவது, சாதனத்திலிருந்து கருப்பை வாய் வழியே தொங்கும் நூல் இருக்கிறதா என்று பார்க்கும் நூல் பரிசோதனைதான். மாதவிடாய் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குந்தி உட்கார்ந்து விரலால் பார்த்தால், மூக்கு நுனிபோலக் கெட்டியாகத் தட்டுப்படுவது கருப்பை வாய். நூல் அங்கே இருக்க வேண்டும், இழுக்கக் கூடாது. நூல் முன்பைவிட நீண்டிருந்தாலோ பிளாஸ்டிக் முனை விரலில் பட்டாலோ சாதனம் கீழிறங்கிவிட்டது என்று பொருள். அதை உள்ளே தள்ள முயல வேண்டாம். இப்படி வெளியேறுவது முதல் ஆண்டில், குறிப்பாக முதல் சில மாதங்களில்தான் அதிகம். பிரசவமான கையோடு பொருத்தியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். (இவர்களுக்கு முதல் சில வாரங்கள் நூல் தட்டுப்படாமலும் இருக்கலாம், கருப்பை சுருங்கச் சுருங்க இறங்கிவரும்.)

நூல் தட்டுப்படவில்லை என்றால் தெளிவாகும்வரை ஆணுறை அவசியம். முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு ஸ்கேன். ஸ்கேனில் கருப்பைக்குள் தெரியவில்லை என்றதும் "விழுந்திருக்கும்" என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. பொருத்திக்கொண்ட ஆயிரம் பேரில் ஓரிருவருக்கு அது கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போயிருக்கலாம்; பாலூட்டும் தாய்மார்களுக்கு இந்த ஆபத்து அதிகம், வலியே இல்லாமலும் நேரும். காப்பர்-டியின் பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதால் வயிற்று எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். எக்ஸ்ரே எடுக்காமல் தேடலை முடிக்கக் கூடாது.

பொருத்திய முதல் 3 வாரங்களில் காய்ச்சல், குறையாத அடிவயிற்று வலி, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் வந்தால் தொற்றாக இருக்கலாம். சாதனத்தை எடுக்காமலே ஆன்டிபயாடிக் தொடங்கலாம்; 2, 3 நாளில் குணம் தெரியாவிட்டால் எடுப்பது பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

காப்பர்-டி இருக்கும்போது கரு தங்குவது அரிது. ஆனால் தங்கினால் கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு கூடுதல். நாள் தள்ளிப்போய், ஒரு பக்க அடிவயிற்று வலியோ மயக்கமோ தோள்வலியோ வந்தால் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கரு கருப்பைக்குள்ளேயே இருந்து, நூலும் தெரிந்தால், கர்ப்பத்தைத் தொடர விரும்புபவருக்கும் சாதனத்தைச் சீக்கிரமே எடுத்துவிடுவது நல்லது. விட்டுவைத்தால் கருச்சிதைவும் தொற்றும் நேரும் ஆபத்து அதிகம்.

எந்த வகை, பொருத்திய தேதி, எடுக்க வேண்டிய ஆண்டு ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்றை ஒவ்வொருவருக்கும் கையில் கொடுங்கள். 380ஏ வகைக்கு 10 ஆண்டு, 375 வகைக்கு 5 ஆண்டு. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளை அந்த அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
மகப்பேறு செவிலியர்கள் சிலர்