பத்து நிமிஷம் போதும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இந்த மாதம் பரவாயில்லை. மேலத்தெரு விவகாரம் ஒருவழியாக முடிந்தது. பெரியத்தை மறுபடியும் பழைய பல்லவியை ஆரம்பித்தாள், நான் வாயே திறக்கவில்லை. மற்றதை நேரில் சொல்கிறேன்.

பேரனின் தமிழ் நோட்டை நீ எடுத்து அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "இவன் எழுத்தைப் பாரும்மா, என்ன செய்யறதுன்னே தெரியல" என்று ஒரு வரி, அவ்வளவுதான். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது பார்.

எழுத்து ஒன்றும் மோசமில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள். 'பழம்' எழுதியிருக்கிறானே, அந்த ழகரத்தின் வாலை எவ்வளவு அழகாக இறக்கியிருக்கிறான்! என்னிடம் படித்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு அது லேசில் வராது. அப்பா அந்தப் படத்தைப் பால்காரர் வரைக்கும் காட்டிவிட்டார். 'அணில்' எழுதும்போது மூன்று சுழி ணகரத்துக்கு நாலு சுழி போட்டிருக்கிறான். போடட்டும். குறைத்துப் போடுகிற பிள்ளையைவிடக் கூட்டிப் போடுகிற பிள்ளை மேல்.

ஆனால் அவனை எடுத்த எடுப்பில் அகரத்தில் உட்கார வைத்திருக்கிறாய். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நேர்க்கோடு எல்லாம் அந்த ஒரே எழுத்தில் இருக்கிறது. விஜயதசமிக்கு அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவது வேறு, பென்சிலைக் கையில் கொடுப்பது வேறு. நாங்கள் ட, ப, ம, ய என்றுதான் கையைப் பழக்குவோம். ட வந்துவிட்டால் வலது பக்கம் ஒரு கோட்டை மேலே ஏற்று, ப. அதையே உள்ளே வளைத்தால் ம. படம், மடம், பட்டம் என்று முதல் வாரமே வார்த்தை எழுதிவிடுவான், அவனுக்கும் தலைகால் புரியாது. 247 இருக்கிறதே என்று மலைக்காதே. கைக்குப் பழக வேண்டிய வடிவம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் காலும் கொம்பும் சுழியும் புள்ளியும்.

'ஆடு' தலையில் நீளமாக ஒரு கோடு இழுத்திருக்கிறான், நீ அதைச் சிவப்பில் அடித்திருக்கிறாய். புனேயில் பள்ளிக்கூடத்தில் மராத்திக்கும் இந்திக்கும் மேல் கோட்டிலிருந்து எழுத்தைத் தொங்கவிடச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் நீ கீழ்க் கோட்டில் நிற்க வை என்கிறாய். ஆறு வயசுப் பிள்ளை இரண்டையும் குழப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தமிழுக்குத் தனியாக இரட்டைக் கோடு நோட்டு வாங்கு, அட்டையை வேறு நிறமாகப் பார்த்து வாங்கு. நோட்டு மாறினால் கையும் மாறும்.

பாட்டி 'லை' தப்பாக எழுதியிருக்கிறாள் என்று கேட்டானாமே. அவனிடம் சொல், அது தப்பு இல்லை, பழசு. நான் படித்தபோது லை, ளை, னை, ணை நான்குக்கும் முன்னால் யானைத் தும்பிக்கை போலத்தான் வளைக்க வேண்டும். 1978இல் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தி, மற்ற எழுத்துகளுக்குப் போடுகிற மாதிரியே இவற்றுக்கும் ஆக்கிவிட்டது. கரும்பலகையில் புதிது எழுதுவேன். கடிதம் என்றால் கை தானாகத் தும்பிக்கைக்குப் போய்விடுகிறது. அவனுக்கும் ஒன்று வரைந்து காட்டு, சிரிப்பான்.

எனக்கு உறுத்துவது அழுத்தம்தான். காகிதம் பள்ளமாகிற அளவுக்கு அழுத்துகிறான். 'இலை'யில் ரப்பர் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையே விழுந்திருக்கிறது. பென்சில் எச்பியாக இருந்தால் 2பிக்கு மாற்று, அது மிருதுவானது, தொட்டாலே கறுப்பாக விழும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் கீழே தாங்க வேண்டும். முஷ்டியில் பிடித்தால் தோளிலிருந்து அழுத்துவான். நாற்காலியில் கால் தொங்குகிறதா பார், தொங்கினால் பாதத்துக்கு அடியில் ஒரு பெட்டியைப் போடு. நோட்டுக்கு அடியில் பழைய செய்தித்தாளை மடித்து வை.

அப்புறம் அவன் இடதுகை. இடதுகைக்காரன் பென்சிலை இழுப்பதில்லை, தள்ளுகிறான். தள்ளும்போது கூர் காகிதத்தில் குத்தும், அழுத்தமும் கூடும். நோட்டின் மேல்பக்கத்தை வலது பக்கமாகச் சாய்த்து வை. பென்சிலைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொல், எழுதியதைக் கை மறைக்காது. சம்பந்தியம்மா சொல்கிறார்கள் என்பதற்காகக் கையை மட்டும் மாற்றிவிடாதே. சாப்பாடு வலது கை, எழுத்து இடது கை என்று அவர்களிடம் தன்மையாகச் சொல். உன் சின்ன மாமா கதை உனக்குத் தெரியும். இன்றைக்கும் பேங்கில் கையெழுத்துப் போடுவதென்றால் அவனுக்கு வேர்க்கிறது.

இதெல்லாம் ஒரே நாளில் வேண்டாம். பத்து நிமிஷம் போதும். பத்து நிமிஷம் எழுதினால் பத்து நிமிஷம் சப்பாத்தி மாவை உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், தட்டில் ரவையைக் கொட்டி விரலால் எழுதட்டும். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடச் சொல்லிக்கொடு, ஆம்பளைப் பிள்ளை என்று யாராவது சொன்னால் நான் சொன்னேன் என்று சொல். விரலுக்குப் பலம் வந்தால் எழுத்து தன்னால் வரும்.

ஆனால் ஒன்று. அதே பக்கத்தின் ஓரத்தில் நீ சிவப்புப் பேனாவால் "மறுபடி எழுது" என்று எழுதியிருக்கிறாய். அடுத்த படத்தில், அந்தத் தாளின் பின்பக்கத்தில், அது அப்படியே புடைத்துத் தெரிகிறது. உன் எழுத்து அப்படி இருக்காதே. ஏழாம் வகுப்பில் கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கினாய், தலைமையாசிரியர் உன் நோட்டை வகுப்பு வகுப்பாகக் காட்டினார். எழுதிய சுவடே பின்பக்கம் தெரியாது. அவனுக்குப் பென்சிலை மாற்று என்கிறேன், உனக்கு எதை மாற்றச் சொல்வது? நீயும் சொல்ல மாட்டாய். எனக்கு ஒரு கார்டு எழுதி எத்தனை காலம் ஆகிறது, உனக்கே தெரியும்.

படம் வந்தபோது ராத்திரி பதினொன்றே முக்கால். அவன் எட்டு மணிக்கே தூங்கியிருப்பான் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் நீ தனியாக உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாயா? காலையில் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறவள். மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை அதிகமோ? ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலும் காணோம். அப்பா கூப்பிட்டாராம், எடுக்கவில்லையாம். வேலையாக இருக்கும். அப்பாவும் நேரம் காலம் பார்த்துக் கூப்பிடுகிறவர் இல்லை.

பார்சலில் கல் சிலேட்டும் பலப்பமும் வைத்திருக்கிறேன். சிலேட்டில் தப்பு எழுதினால் ஈரத் துணியால் ஒரு துடை, ஓட்டை விழாது, ஓரத்தில் யாரும் சிவப்பில் எழுதவும் முடியாது. நாங்கள் கோவை இலையால் துடைத்தோம், அதற்கு அங்கே எங்கே போவாய்? பலப்பத்தைத் தின்னாமல் பார்த்துக்கொள், நீ தின்றவள். கீழே எள்ளுருண்டை இருக்கிறது, முழுவதையும் அவனுக்கே கொடுத்துவிடாதே. நீ இளைத்திருக்கிறாய் என்று நான் சொன்னால் கோபப்படுவாய், அதனால் சொல்லவில்லை.

திட்டி எழுத வைத்த எழுத்து நிற்காது. பத்து நிமிஷம்தான், அதற்கு மேல் அவன் கேட்டாலும் கொடுக்காதே. அன்றைக்கு உனக்கு மனசு சரியில்லை என்றால் அந்தப் பத்து நிமிஷமும் வேண்டாம், நோட்டை மூடி வை. ஒரு நாள் எழுதாவிட்டால் குடி முழுகிப் போகாது.

கோடை விடுமுறைக்கு இங்கே வந்துவிடு. மாடி அறையை வெள்ளையடித்துவிட்டோம். அவன் எழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள், எதுவும் கேட்க மாட்டார்கள். விடுமுறை முடிந்தவுடனே திரும்ப வேண்டும் என்றும் இல்லை. ரயிலில் 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள், திறந்த அன்றைக்கே அப்பா போய் வரிசையில் நின்றுவிடுவார். நீ போன்கூடப் பண்ண வேண்டாம். டிக்கெட் இரண்டா, மூன்றா என்று மட்டும் ஒரு வரி அனுப்பு.

அன்புடன்
அம்மா