தாடியும் காலண்டரும்

சிவகாசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ உருவாக்கி அனுப்பிய பலகை விளையாட்டின் மாதிரி வந்து சேர்ந்தது. அம்மாவும் நானும் இரண்டு ஆட்டம் ஆடினோம், இரண்டிலும் அவள்தான் ஜெயித்தாள். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் அம்மா குறுக்கே பேசுவாள். அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்று ஒருவர் இருந்தார். என்னைப் போல லித்தோ அச்சுக்காரர். 1860இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் பிரஸ் வைத்திருந்தார். தேர்தலில் நின்ற லிங்கனின் படத்தை அடித்து விற்றார், நல்ல ஓட்டம். அந்த நேரம் பார்த்து லிங்கன் தாடி வளர்த்துவிட்டார்! மழுமழுவென்ற முகத்தை அப்புறம் யார் வாங்குவார்? வாங்கியவர்களே காசைத் திருப்பிக் கேட்டார்கள். மிச்சப் படங்களை பிராட்லி அழித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தேர்தலுக்கு முன்னால் ஒருவர் படம் போட்டு 3,000 காலண்டர் அடித்தேனே, சீட் வேறு ஆளுக்குப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் நீ பரமபதம் வரைந்து பழகினாய்.

சும்மா கிடந்த மெஷினுக்கு வேலை வேண்டுமே. பிராட்லி ஒரு விளையாட்டை அடித்தார். பெயர் 'செக்கர்டு கேம் ஆஃப் லைஃப்'. சதுரங்கப் பலகை போல 64 கட்டம். ஒரு மூலையில் குழந்தைப் பருவம், எதிர் மூலையில் சந்தோஷமான முதுமை. அங்கே போனால் 50 புள்ளி, முதலில் 100 எடுத்தவருக்கு வெற்றி. நடுவில் பள்ளிக்கூடம், வறுமை, சூதாட்டம் எல்லாம் உண்டு. தற்கொலைக்கும் ஒரு கட்டம், அதில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. தாயக்கட்டை சூதாடிகளின் பொருள் என்று அந்த ஊர் முகம் சுளிக்கும் என்பதால் எண் போட்ட ஆறு பக்கப் பம்பரம் வைத்தார். பரமபதத்தில் விழுந்த எண் நம்மை இழுத்துக்கொண்டு போகும். இதில் எண் விழுந்த பிறகும் எந்தப் பக்கம் நகர்வது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். உன் ஆட்டத்தில் இல்லாதது அதுதான், பாப்பா. யோசி.

முதல் வருஷத்திலேயே சுமார் 45,000 விற்றது. உள்நாட்டுப் போர் வந்ததும் சிப்பாய்கள் கூடாரத்தில் வைத்து ஆட, பையில் அடங்கும் விளையாட்டுத் தொகுப்பு போட்டார்.

கையில் காசு வந்ததும் மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? 1869இல் மழலையர் பள்ளி பற்றி ஒரு அம்மையாரின் பேச்சைக் கேட்டுவிட்டு, அதற்கான புத்தகம், மரக்கட்டைகள், வண்ணத்தாள் என்று செய்ய ஆரம்பித்தார். வருஷக்கணக்காக நஷ்டம். கூட்டாளிகள் நிறுத்தச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. அந்த நஷ்டத்தைத் தாங்கியது விளையாட்டில் வந்த காசு. எனக்கு அவரை இதற்காகத்தான் பிடிக்கும். உன் அம்மாவுக்கு இதே காரணத்துக்காகப் பிடிக்கவில்லை.

வேலையை இப்போது விட வேண்டாம். முதலில் 300 பெட்டி அடிப்போம், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். அட்டையும், அதை அச்சு வைத்து வடிவத்துக்கு வெட்டும் டை கட்டிங்கும் என் பொறுப்பு. பலகையில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, எழுத்து அமுங்கிப்போகும். சரிசெய்து வெள்ளிக்கிழமைக்குள் ஃபைலை அனுப்பு.

அன்புடன்,
அப்பா