வேலை செய்கிறது என்பதாலேயே சரியாகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியை நெடுநாளாக வாசித்து வருகிறேன். இறுகிப்போன இழுப்பறையின் ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்ப்பது, குழாய் முனையில் படிந்த உப்பை வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிக் கரைப்பது போன்ற குறிப்புகளை நானே செய்து பயனடைந்திருக்கிறேன். அவை பலிக்காமல் போனாலும் ஒரு துண்டு மெழுகுதான் வீண். ஆனால் மின்சாரம் தொடர்பாக அண்மையில் வெளிவந்த குறிப்புகளை அப்படி எண்ணிக் கடந்துபோக, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வயரிங் வேலை பார்த்த எனக்கு மனம் வரவில்லை.

அக்குறிப்புகளை அனுப்பியவர்கள் எல்லோரும், ‘செய்து பார்த்தேன், நன்றாக வேலை செய்கிறது’ என்று சான்று தருகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சிக்கலே அங்குதான் இருக்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று ஒருவர் அதில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டுகிறார். அதன் பிறகு ஃபியூஸ் போவதே இல்லை. உருகுவதற்கென்றே வைக்கப்பட்ட மெல்லிய கம்பியை அகற்றிவிட்டால், அளவுக்கு மீறிய மின்னோட்டம் வரும் நாளில் அந்த வழியிலேயே மிகவும் நலிந்த இடம் எதுவோ அது சூடாகி உருகும். அந்த இடம் சுவருக்குள் ஓடும் பழைய வயராகவும் இருக்கலாம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வைத்தால், ஃபியூஸ் போவது தொல்லையன்று, ஓர் அறிவிப்பு என்பது விளங்கும்.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றும் குறிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் நான் பார்த்த கருகிய சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இப்படிப்பட்ட தளர்ந்த இணைப்புதான். கையால் முறுக்கிய இணைப்பில் கால் ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே வெந்நீர் ஹீட்டருக்கான 10 ஆம்பியர் ஓடும்போது, அந்தச் சிறு முறுக்கில் மட்டும் 25 வாட் வெப்பம் உண்டாகிறது. ஈயம் உருக்கிப் பற்றவைக்க நாங்கள் பயன்படுத்தும் சிறிய சால்டரிங் அயர்னின் திறனும் 25 வாட்தான். ஆக, சுற்றிய டேப்புக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருக்கிறது. ஃபியூஸோ, மின்னோட்டம் மிகும்போது தானாக அணைந்துவிடும் எம்.சி.பி. சுவிட்சோ இதைத் தடுக்காது, ஏனெனில் மின்னோட்டம் அளவை மீறவில்லை. ஃபேஸில் போகும் மின்னோட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்புவதற்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தால் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் தடுக்காது, ஏனெனில் இங்கே கசிவே இல்லை. காவலுக்கு நிற்கும் கருவிகள் எவற்றின் கண்ணிலும் படாமல் டேப் இளகி, காப்புறை கருகி, மறுபடி சூடேறி, என்றோ ஒருநாள் தீப்பற்றுகிறது. குறிப்பு எழுதியவரோ ஆறு மாதமாக நன்றாக ஓடுகிறது என்று மகிழ்ந்திருப்பார். டேப்பின் தரத்தில் மட்டும் பாதுகாப்பு இல்லை. திருகு இறுக்கிய கனெக்டரில் இணைக்க வேண்டும், அல்லது வயரையே முழு நீளத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

சென்ற இதழில் வந்த சாக்கெட் குறிப்பு என்னைத் திடுக்கிட வைத்தது. இரண்டு பின் பிளக் நுழையவில்லை என்றால் மேலே உள்ள எர்த் துளையில் பேனா மூடியைச் செருகினால் திறந்துகொள்ளும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். திறந்துகொள்ளும்தான். எர்த் பின் நீளமாக இருப்பதால் அது முதலில் நுழைந்து மற்ற இரண்டு துளைகளின் மூடிகளை விலக்குகிறது. குழந்தைகள் கம்பியையோ ஊசியையோ நுழைத்துவிடாமல் இருக்கவே அந்த மூடிகள் இருக்கின்றன. பெரியவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அவற்றைத் திறக்கும் வழியை நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். மேலும் வேறு அளவுள்ள பின்கள் சரியாகப் பொருந்தாமல் ஆடும்போது, முன்பு சொன்ன அதே தளர்ந்த இணைப்பு சாக்கெட்டுக்குள் உருவாகிவிடுகிறது. (பிளக்கே இல்லாமல் வயர் முனைகளைச் செருகித் தீக்குச்சியால் முட்டுக்கொடுத்த காலம் எனக்கும் உண்டு. அதைச் சொல்லவும் இப்போது வெட்கமாக இருக்கிறது.)

‘சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பு ஹோல்டரைக் கழற்றுங்கள்’ என்ற வரியும் போதுமானதன்று. தவறாக நியூட்ரலில் சுவிட்ச் இணைக்கப்பட்ட வீடுகளில், விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ், அதாவது ஷாக் அடிக்கும் மின்சாரம், இருக்கும். டெஸ்டரும் முழுத் துணையாகாது; நம் உடல் வழியே தரைக்குப் போகும் துளி மின்னோட்டத்தால்தான் அது எரிகிறது. மர முக்காலியில் ரப்பர் செருப்போடு நின்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு அதன் மங்கிய ஒளி தெரியாமல் போகலாம். மெயினை அணைப்பதே வழி.

சுத்தம் செய்யும் குறிப்புகளிலும் இந்த மயக்கம் உண்டு. சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பதைப் பார்த்து அழுக்கு நீங்குவதாக நினைக்கிறோம்; இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்வதைத்தான் அந்த நுரை காட்டுகிறது. அதில் கேடொன்றும் இல்லை. பிளீச்சிங் பவுடரோடு ஆசிடைக் கலப்பது அப்படியன்று. அதிலிருந்து வெளிவரும் குளோரின் நுரையீரலைத் தாக்கும்.

வீட்டில் யாரும் எதையும் தொடக்கூடாது என்பது என் வாதமன்று. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் தேவையில்லை. பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் அதன் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சிறு பாகம், வலுவிழந்திருக்கும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பதும் நல்லதே. ஆனால் மெயினை அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பினுள் இருப்பதோ ஆளைக் கொல்லப் போதுமானது. அந்த அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி மரப்பலகையில் மின்சாரத்தைப் பாய்ச்சி மின்னல் போன்ற கோலத்தை எரித்து வரையும் விளையாட்டில் பலர் உயிரிழந்ததால், அமெரிக்க மரக்கடைசல் கலைஞர்கள் சங்கம் அதைத் தன் நிகழ்ச்சிகளில் தடைசெய்திருக்கிறது. கருவிகளோடு பழகியவர்களே ஒதுக்கிவைத்த ஒன்று அது.

எனவே மின்சாரக் குறிப்பு எதையும் வெளியிடுமுன், அது எந்தப் பாதுகாப்பை அகற்றுகிறது அல்லது ஏமாற்றுகிறது என்று தொழில் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். எர்த் துளையில் பேனா மூடியைச் செருகும் குறிப்புக்கு மட்டும், அது வெளிவந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அடுத்த இதழிலேயே மறுப்பு வெளியிட வேண்டும். இப்போதைக்கு அந்தப் பிளக்குக்குப் பொருத்தமான அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியையும் சேர்த்தால், குறிப்பு எழுதிய வாசகரும் வருந்தமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர்