புதியது என்று அனுப்பிய பழைய கேம் ஷாஃப்ட்: பணத்தைத் திருப்பித் தரவும் உதிரிபாகப் பட்டியலைத் திருத்தவும் கோரும் புகார்

அனுப்புநர்:
வேன் உரிமையாளர் மற்றும் டீசல் இன்ஜின் பட்டறையினர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு,
வாகன உதிரிபாக விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: மெட்டடார் வேனின் 616 டீசல் இன்ஜினுக்கு வாங்கிய கேம் ஷாஃப்ட், ராக்கர்கள் தேய்ந்து போனது – வாரண்டி மறுப்புக்கு ஆட்சேபம் – இழப்பீடு கோருதல்.

இணைப்பு: ஜி.எஸ்.டி. பில் நகல், வாட்ஸ்அப் உரையாடல் நகல், கடினத்தன்மைச் சோதனை அறிக்கை, அளவு எடுத்த தாள், படங்கள்.

ஐயா,

வணக்கம். உங்களிடம் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒன்றும், அதன் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் ராக்கர்கள் எட்டும் ஒரே பில்லில் வாங்கினோம். கேம் 2,300 கிலோமீட்டர் கூடத் தாங்கவில்லை. வாரண்டி கேட்டதற்கு, “ஆயில் பற்றாக்குறையாலும் தவறான பொருத்தலாலும் ஏற்பட்ட தேய்மானம்; எங்கள் பொறுப்பல்ல” என்று இரண்டே வரியில் பதில் அனுப்பிவிட்டீர்கள். அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. நீங்கள் அனுப்பியது புதிய கேம் அல்ல, யாரோ ஓட்டித் தேய்த்ததை அரைத்துக் கருப்புப் பூச்சு கொடுத்து “புதியது” என்று ஒட்டிய பெட்டியில் போட்டது. அதற்கான அளவுகளைக் கீழே தருகிறோம்.

முதலில் இன்ஜின் பற்றி, ஏனென்றால் குழப்பம் “616 அனைத்துக்கும்” என்று போட்ட உங்கள் பட்டியலிலேயே தொடங்குகிறது. இது 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், கேம் ஹெட்டின் மேலேயே இருக்கும் ஓ.எம். 616 டீசல். மெர்சிடிஸ் பென்ஸ் வடிவமைப்பை உரிமம் பெற்று இங்கே செய்தது. செய்த கம்பெனிக்கு அப்போது பஜாஜ் டெம்போ என்று பெயர், 2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ். இந்த இன்ஜின் மெட்டடாரில் மட்டுமல்ல, டிராவலரிலும் டிராக்ஸிலும் ஓடியிருக்கிறது. பல வருடம் ஓடிய இன்ஜின் என்பதால் கேமும் எல்லா வண்டிக்கும் ஒன்றே என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு விற்க முடியாது. கேமின் பின்முனை முகத்தில் அடித்திருக்கும் குறியீட்டு எண்ணைப் பார்த்து அதே எண்ணுக்கு வாங்குவதுதான் முறை. ஆர்டர் கொடுக்கும்போது இன்ஜின் நம்பரையும் பழைய கேமின் பின்முனைப் படத்தையும் அனுப்பினோம். “616க்கு எல்லாம் ஒரே கேம்தான் அண்ணே, கண்ணை மூடிட்டுப் போடுங்க” என்று உங்கள் விற்பனைப் பிரிவு பதில் போட்டது. அந்த உரையாடல் இணைப்பில் இருக்கிறது. வந்த கேமின் பின்முனையில் எந்த எண்ணும் இல்லை. அந்த முகம் முழுவதும் கடைசல் கோடுகள்தான் இருந்தன. பெட்டியில் பார்ட் நம்பர் ஸ்டிக்கரின் கீழே இன்னொரு ஸ்டிக்கர்.

பொருத்திய விதத்தைக் குறை சொல்கிறீர்கள், ஆகவே அதையும் எழுதுகிறோம். பழைய ராக்கரின் தேய்பரப்பு பழைய கேமின் வடிவத்துக்கே பழகியிருக்கும். அதைப் புதுக் கேமில் போட்டால் கேமைத் தின்றுவிடும் என்பதால்தான் ராக்கர்களையும் புதிதாக வாங்கினோம். டைமிங் செயினும் புதிது. கேம் பேரிங் பிளாக்குகளைக் கழற்றி, அவற்றுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயைக் காற்றடித்து, ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பார்த்த பிறகே ஏற்றினோம். கேமின் மேடுகளான லோப்களுக்கும் ராக்கர் முகங்களுக்கும் மாலிப்டினம் பேஸ்ட் தடவினோம். கேமுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் டேப்பட் இடைவெளி, இன்ஜின் ஆறியிருக்கையில் இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. இன்ஜின் பிடித்ததும் ஐடிலில் விடாமல், 1,500க்கும் 2,000க்கும் இடையே ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டினோம். ஐடிலில் லோபின் உச்சியான மூக்கின் மேல் வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் விழும், ஆயில் வீச்சும் குறைவு. புதுக் கேம்களில் பாதி அங்கேதான் கெடுகிறது. ஆயில் 15டபிள்யூ-40, டீசலுக்கான சி.ஐ.-4 தரம்.

இதில் ஒரு கட்டத்தில் உங்கள் கேம் தன் குணத்தைக் காட்டியது. டைமிங்கைக் குறி பார்த்து மட்டும் விடாமல் டயல் கேஜ் வைத்து அளப்பது எங்கள் வழக்கம். முதல் சிலிண்டரின் இன்லெட் இடைவெளியை முழுக்க எடுத்துவிட்டு, கேஜை வால்வின் மேல் வைத்து, கிராங்கை ஓடும் திசையிலேயே திருப்பி, வால்வு சரியாக 2 மி.மீ. இறங்கும் இடத்தில் டிகிரி வட்டைப் படிக்க வேண்டும். புதுச் செயினில் அது பிஸ்டனின் உச்சப்புள்ளியைத் தாண்டி 11.5 டிகிரியில் வர வேண்டும். 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய செயின் என்றால் 13.5. உங்கள் கேமில் புதுச் செயினோடு 17 வந்தது. திரும்ப அளந்தாலும் அதே 17. செயினில் குறை இல்லை என்று உறுதி செய்ய, அதே செயினோடு பழைய கேமை ஏற்றிப் பார்த்தோம். 12க்கு வந்து நின்றது. ஆக, உங்கள் கேமில் செயின் சக்கரத்தைப் பிடிக்கும் கீ பள்ளத்துக்கும் லோப்களுக்கும் இடையே இருக்க வேண்டிய கோணமே தவறு.

ஐந்தரை டிகிரி என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். இது 21க்கு 1 கம்ப்ரஷன் உள்ள இன்ஜின். பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவே இடம் மிகக் கொஞ்சம். கேம் பிந்தினால் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதும் பிந்தும், பிஸ்டன் ஏறி வருகையில் வால்வு இன்னும் வெளியே நிற்கும். இன்லெட் பிந்தி மூடுவதால் அடி வேகத்தில் கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் பிடிக்கவும் அடம் பிடிக்கும். இதைப் படத்தோடு அன்றே உங்களுக்கு அனுப்பினோம். “ஆஃப்செட் கீ போட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது” என்று எழுத்தில் வந்த பதில் உங்களுடையது. 0.7 மி.மீ. தள்ளிய கீ போட்டால் 4 டிகிரி முந்தும், அதைப் போட்டதும் 13 ஆனது. ஆஃப்செட் கீ என்பது நீண்டு போன செயினை ஈடுகட்ட வந்த பொருள், கேம் செய்தவனின் கணக்குப் பிழையை மறைக்க வந்ததல்ல. இருந்தும் உங்கள் தொழில்நுட்பப் பிரிவு சொன்னதால்தான் அது போடப்பட்டது. இப்போது “தவறான பொருத்தல்” என்று எழுதுவதும் அதே பிரிவுதான்.

வேன் ராணிப்பேட்டை தோல் பொருள் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிச் செல்வது. சமவெளி ஓட்டம், ஓவர்லோடு இல்லை. 1,000 கிலோமீட்டரில் டேப்பட்டைச் சரிபார்த்தபோது நான்காம் எக்ஸாஸ்ட் 0.30லிருந்து 0.45க்குப் போயிருந்தது, மற்றவை அளவிலேயே இருந்தன. திரும்ப 0.30 வைத்தோம். அதன் பிறகு கறும்புகை, ஏற்றத்தில் இழுவை இல்லாமை, மேலே ஒரு சீரான தட்டல் சத்தம். 2,300இல் ராக்கர் கவரைத் திறந்தோம்.

டேப்பட் இடைவெளியை அளப்பது மூக்குக்கு எதிர்ப்பக்கமான கேமின் வட்ட முதுகில். மூக்கு எவ்வளவு கரைந்தாலும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜுக்கு அது தெரியாது. ராக்கரின் முகம் தேய்வதுதான் தெரியும். அதனால் மைக்ரோமீட்டரால் எட்டு லோப்களையும் அளந்தோம். முதல் எக்ஸாஸ்ட்டின் உயரத்தைவிட நான்காம் எக்ஸாஸ்ட் 1.1 மி.மீ. குறைவு. மூன்றாம் எக்ஸாஸ்ட் 0.6, நான்காம் இன்லெட் 0.3 குறைவு. நான்காம் எக்ஸாஸ்ட்டின் மூக்கில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளங்கள், ஓரத்தில் மடிந்த விளிம்பு. ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்தால் சாம்பல் நிறப் பசை, காந்தத்தை நீட்டியதும் அத்தனையும் மீசை போல எழுந்து ஒட்டிக்கொண்டது.

ஆயில் பற்றாக்குறை என்ற உங்கள் வாதம் இங்கேதான் நிற்கவில்லை. ஆயில் போகாமல் கெட்ட கேமில் முதலில் பேரிங்கில் சுழலும் ஜர்னல்களும் பேரிங் பிளாக்குகளும் கீறும், ராக்கர் ஷாஃப்ட் நிறம் மாறும். இதில் ஜர்னல்கள் கண்ணாடிபோல் இருக்கின்றன, ஷாஃப்ட்டில் ஒரு கோடு இல்லை. மூன்று லோப்கள் மட்டும் கரைந்திருக்கின்றன. எக்ஸாஸ்ட் லோப் சிலிண்டரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை எதிர்த்து வால்வைத் திறக்க வேண்டியது, சுமை அதற்கே அதிகம். மேல்தோல் மெலிந்த கேமில் அதுதான் முதலில் போகும்.

மேல்தோல் ஏன் மெலிந்தது? உங்கள் பெட்டியிலேயே “சில்டு காஸ்டிங்” என்று அச்சிட்டிருக்கிறது. அந்த வகை வார்ப்பில் லோப் வரும் இடத்தில் அச்சுக்குள் இரும்புத் துண்டு வைப்பார்கள். உருகிய இரும்பு அங்கே சட்டென்று குளிர்ந்து, சில மி.மீ. ஆழத்துக்குக் கடினமான வெள்ளை இரும்பாகும். உள்ளே இருப்பது சாதாரணச் சாம்பல் வார்ப்பு. மேலே அரைத்து எடுக்க எடுக்க அந்தத் தோல்தான் குறையும். உங்கள் கேமின் வட்ட முதுகை, தேயாத இடத்தில், எங்கள் பழைய கேமோடு ஒப்பிட்டால் விட்டம் 1.2 மி.மீ. குறைவு. சுற்றிலும் 0.6 மி.மீ. அரைத்து எடுத்திருக்கிறது. முதுகையும் மூக்கையும் ஒரே அளவு இறக்கினால் லிஃப்ட், அதாவது வால்வைத் திறக்கும் உயரம், மாறாது, அதனால்தான் “லிஃப்ட் சரியாக இருக்கிறதே” என்று உங்களால் சொல்ல முடிகிறது. இந்த இன்ஜினில் டேப்பட் வைப்பது வால்வுத் தண்டின் தலையிலுள்ள மூடி நட்டில். முதுகு இறங்கினால் அந்த நட்டை மேலே ஏற்றித்தான் இடைவெளியை அடைக்க முடியும், தண்டில் மரை பிடிக்கும் நீளம் குறையும். ராக்கர் சாயும் கோணமும் மாறி, தேய்தடம் நடுவை விட்டு ஓரத்துக்குப் போகும். எட்டு ராக்கர்களிலும் தடம் ஓரத்தில்தான் இருக்கிறது. படங்களைப் பாருங்கள்.

கடினத்தன்மைச் சோதனையில் எங்கள் பழைய கேமின் மூக்கு 52 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடினத்தன்மை அளவு). உங்கள் கேமில் கரையாத முதல் இன்லெட் 46, கரைந்த நான்காம் எக்ஸாஸ்ட் 31. சோதனைக்கூடம் வேண்டாம் என்றால் ஒரு மெல்லிய அரம் போதும். நல்ல லோபில் அரம் வழுக்கும், இதில் கடிக்கிறது.

இன்னொரு சாட்சி, யார் பார்த்தாலும் தெரிவது. முன்முனையில் வாஷர் உரசும் திரஸ்ட் முகத்தில் பாஸ்பேட் பூச்சு ஓட்டத்தில் உரிந்த இடத்தில், புது வளையத் தடத்துக்கு வெளியே இன்னொரு பழைய வளையம் பூச்சுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கிறது. இந்த வண்டியின் வாஷர் தொடாத இடம் அது. இரண்டாம் இன்லெட்டின் சரிவில் அரைத்தும் போகாத ஒரு பழைய பள்ளம், அதற்குள்ளும் கருப்புப் பூச்சு. புதுக் கேமில் பூச்சுக்கு அடியில் தேய்மானம் எப்படி வரும்?

அரைத்த கேம் போடுவதே குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. வண்டித் தயாரிப்பு நின்று போன பிறகு பாகம் கிடைக்காத இன்ஜினுக்கு அது ஒரு வழிதான். எவ்வளவு அரைத்தது, மறுபடி கடினப்படுத்தியதா, கோணம் எவ்வளவு என்று தாளில் எழுதி, அரைத்த கேமின் விலைக்குக் கொடுத்திருந்தால் அதை வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்திருப்போம். புதுக் கேமின் விலை வாங்கிக்கொண்டு அந்த முடிவை எங்களிடமிருந்து பறித்ததுதான் குற்றம்.

வாரண்டி அட்டையின் பின்னால் “அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் பொருத்தினால் மட்டும்” என்று ஒரு வரி. மெட்டடார் தயாரிப்பு நின்று எத்தனை காலம் ஆயிற்று. அதற்கு இன்று அங்கீகரித்த மையம் வேலூரில் எங்கே, வாலாஜாவில் எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். யாராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையை அச்சடித்துவிட்டு வாரண்டி என்று பெயர் வைக்காதீர்கள்.

எங்கள் செலவு: கேம் ரூ.6,450, ராக்கர் எட்டுக்கு ரூ.3,360, இரும்புத்தூள் கலந்ததால் கொட்டிய ஆயிலும் ஃபில்டரும் ரூ.2,740, கீயும் கவர் பேக்கிங்கும் ரூ.310, சோதனைக் கட்டணம் ரூ.600, திரும்பக் கழற்றி மாட்டிய கூலி ரூ.3,500. மொத்தம் ரூ.16,960. வண்டி நின்ற நாட்களின் வாடகையை இதில் சேர்க்கவில்லை. வழக்கு என்று போனால் சேர்ப்போம்.

பணம் தவிர இரண்டு திருத்தங்கள் வேண்டும். பட்டியலில் “616 அனைத்துக்கும்” என்ற வரியை எடுத்துவிட்டு, இன்ஜின் நம்பரும் கேம் குறியீடும் கேட்டே ஆர்டர் ஏற்க வேண்டும். அரைத்த கேம் எதுவானாலும் அப்படியே எழுதி விற்க வேண்டும். இதே லாட்டில் வேறு யாருக்கு அனுப்பியிருக்கிறீர்களோ அவர்களுக்கும் தகவல் போக வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனைத் தொட்டால் செலவு கேமோடு நிற்காது, ஹெட்டும் பிஸ்டனும் போகும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்து, வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். பில் வேன் உரிமையாளர் பெயரில் இருக்கிறது. அவர் சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, சுயதொழிலாகப் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோரே. மனுவை வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம் என்பதும் அதே சட்டம். ஆகவே “வணிகப் பயன்பாடு”, “சென்னை எல்லை” என்ற பதில்களை எழுதி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

பரிசோதனைக்குக் கேமைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டோம், அதுதான் எங்கள் சாட்சி. உங்கள் ஆள் ஒருவர் மைக்ரோமீட்டரோடு காட்பாடி வரட்டும். முந்தின நாள் சொன்னால் இரண்டு கேம்களையும் வி-பிளாக் தாங்கிகளில் ஏற்றி வைத்திருக்கிறோம். அவர் கையாலேயே அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
வேன் உரிமையாளர்
பட்டறையினர்
காட்பாடி, வேலூர்