"பையா" என்று கூப்பிடாதே, மாப்ள

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அப்புச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். தோட்டத்துப் பக்கம் போகிறேன் என்று கிளம்பினால் தடுத்து வை. இங்கே மழை போக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது. சின்ன வெங்காயம் மட்டும் இந்த வருஷம் பரவாயில்லை.

பாதிக் கடிதத்தை உன் பனியன் யூனிட்டுக்கு வேலைக்கு வந்த ஒடிசாப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டாய். 36 பேர் வந்து, ஒரே மாதத்தில் 11 பேர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். "வடக்கன் நிக்க மாட்டான், அது அவன் சுபாவம்" என்று உன் சூப்பர்வைசர் கணக்கை முடித்துவிட்டார். சுபாவம் என்று சொல்லிவிட்டால் நமக்குச் செய்ய வேலையே இல்லை, அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆனால் பனியன் கம்பெனியில் அவர்கள்மேல் ஒட்டியிருக்கும் பட்டப்பெயர்களில் முக்கால்வாசி, வேலையையும் ரூமையும் சம்பளத்தையும் நாம் ஏற்பாடு செய்திருக்கிற விதத்தில் பிறந்தவை. ஏற்பாட்டை மாற்றினால் பட்டம் தானாக உதிரும்.

முதலில் பெயர். உன் லைனில், மெஷின் வரிசையில், எல்லோருக்கும் ஒரே பெயர்தான், "பையா". அது அண்ணன் என்று அர்த்தமுள்ள இந்திச் சொல். உன்னிடம் வந்திருப்பவர்கள் ஒடியா பேசுகிறவர்கள், சிலர் வீட்டில் சந்தாலி பேசுவார்கள். மொழியின் பெயரால் தனி மாகாணம் கேட்டு 1936 ஏப்ரல் 1-ஆம் தேதியே வாங்கிவிட்டவர்கள் ஒடியாக்காரர்கள். அதுவரை கஞ்சம் மாவட்டம் நம் மெட்ராஸ் மாகாணத்தில்தான் இருந்தது. அவர்களை "ஹிந்திக்காரன்" என்பது, பம்பாயில் நம்மாட்களை "மதராசி" என்றார்களே, அதே சோம்பேறித்தனம். திருநெல்வேலிக்காரரும் மங்களூர்க்காரரும் பாலக்காட்டுக்காரரும் அங்கே ஒன்றுதான். 1966-இல் சிவசேனா தொடங்கிய பிறகு அந்தச் சொல் எப்படிக் கல்லாக விழுந்தது என்று தாராவியில் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெயரைச் சரியாக எழுதுவதில் மரியாதை மட்டுமில்லை, காசும் இருக்கிறது. ஆதாரில் உள்ள எழுத்து, பேங்க் பாஸ்புக், பி.எஃப். பதிவு மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிறந்த தேதியும் அப்படித்தான். இங்கே ஓர் எழுத்து கூடினால், ஊருக்குப் போனபின் பணம் எடுக்க முடியாது. அப்புறம் "கம்பெனி பி.எஃப். காசைத் தின்னுட்டான்" என்று அவர்கள் ஊரில் பேச்சு வரும். ஏற்கெனவே வேறு கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு யு.ஏ.என். என்கிற 12 இலக்க பி.எஃப். எண் ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்காமல் புதிது போட்டால் இரண்டு எண், இரண்டு கணக்கு, கடைசியில் தலைவலி. இன்னொரு சிக்கல் சிம் கார்டு. வந்த வாரத்திலேயே இங்கே புது சிம் வாங்குவார்கள், பழையது ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போகும். ஆதாரிலும் பேங்கிலும் பழைய நம்பர்தான் இருக்கும் என்பதால் ஓ.டி.பி. வராது. பழைய நம்பரை உயிரோடு வைத்திருக்கச் சொல், அல்லது முதல் மாதத்திலேயே இங்குள்ள ஆதார் மையத்துக்கு ஆள் போட்டுக் கூட்டிப்போய் மாற்றிவிடு.

அடுத்து, "சொன்னா புரியாது, எல்லாத்துக்கும் ஆங் ஆங்னு தலையாட்டுவான்" என்ற புகார். "புரிஞ்சுதா?" என்று கேட்டால், புது இடத்தில் நின்றுகொண்டு "புரியல" என்று யார் சொல்வார்கள்? அந்தக் கேள்வியையே லைனில் தடை செய். "செஞ்சு காட்டு" என்று கேட்கட்டும். துணி ஓரத்தை வெட்டித் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் ஒரு சாண் தைக்கச் சொல்லி, அங்குலத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு தையல் விழுகிறதா என்று அவர்களையே எண்ணச் சொன்னால் மொழியே தேவைப்படாது. காலையில் சூப்பர்வைசர் ஒரு தடவை "கெமிதி அச்ச?" என்று கேட்டாலும் போதும். எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். அவர் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பேசத் தெரியாமல் முழிப்பது எப்படியிருக்கும் என்று அவருக்கும் அன்றைக்குத் தெரியும்.

"பொய் சொல்லுவான், மறைப்பான்" என்றும் எழுதியிருந்தாய். உடைந்த ஊசி விஷயத்தைச் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். இதைச் சற்று விவரமாகவே சொல்கிறேன், குழந்தைத் துணி தைக்கிற யூனிட் உன்னுடையது. ஊசி உடைந்தால் மெஷினை உடனே நிறுத்த வேண்டும். பீஸை இழுக்கக் கூடாது, காலை நகர்த்தக் கூடாது. துண்டுகளைக் காந்தத்தால் பொறுக்கி, ஒரு முழு ஊசிக்குப் பக்கத்தில் அடுக்கி, நீளம் சரியாக வருகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பீஸும் அந்த மேஜையில் இருந்த மற்றவையும் மெட்டல் டிடெக்டருக்குப் போக வேண்டும், துண்டு கிடைக்கும்வரை ஒதுக்கி வைக்க வேண்டும். உன் லைனில் என்ன நடக்கிறது? ஊசி உடைந்தால் முதலில் கேட்கிற சத்தம் சூப்பர்வைசரின் வசவு. சனிக்கிழமை கூலியில் பிடிப்பார்கள் என்று பக்கத்து மெஷின்காரர் வேறு காதில் ஓதிவிடுகிறார். வந்து பத்து நாள் ஆன பெண் துண்டைத் துடைத்துக் கீழே தள்ளிவிட்டு, தானே வேறு ஊசி மாட்டப் பார்க்காமல் என்ன செய்யும்? ஊசிக்குக் காசு பிடிப்பதில்லை என்று ஒடியாவில் எழுதி மெஷினுக்கு மெஷின் ஒட்டு. தானே வந்து சொன்னவரை எல்லோர் முன்னாலும் "நல்லது" என்று சொல். ரிஜிஸ்டரில் ஊசிக் கணக்கு கூடும். கூடினால் பயப்படாதே, மறைந்து போனவை வெளியே வருகின்றன.

மொழிபெயர்க்க ஒரே ஒருவரை வைத்திருக்கிறாய் போல. அது ஆபத்து. தமிழ் தெரிந்த ஒரே ஆள் சீக்கிரமே குட்டி முதலாளி ஆகிவிடுவார். லீவு கேட்க அவருக்கு ஒரு தொகை, ரூம் மாற ஒரு தொகை என்று ஆரம்பிக்கும், உன் காதுக்கு வராது. இரண்டு பேரையாவது வை, அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒடிசாக்காரர்களை மட்டும் தனி லைனாக உட்கார வைக்காதே. பழைய டெய்லர் ஒருவர், புது ஆள் ஒருவர் என்று மாறி மாறி உட்கார்த்தினால் மூன்று மாதத்தில் வேலைத் தமிழ் வந்துவிடும். தனி லைனில் மூன்று வருஷம் ஆனாலும் வராது, "கும்பலாவே திரியுறான்" என்ற பட்டம்தான் மிஞ்சும்.

இப்போது ஓடிப்போன 11 பேருக்கு வருகிறேன். நாள் என்ன என்று பார்த்தாயா? மேற்கு ஒடிசாவில் சம்பல்பூர், பலாங்கிர் பக்கம் நுவாகாய் என்று ஒரு பண்டிகை, விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். புது நெல்லைச் சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள், நம் பொங்கல் மாதிரி. அதற்கு ஊருக்குப் போகாமல் இருப்பது, நம்மாட்கள் பொங்கலுக்கு வராமல் இருப்பதற்குச் சமம். பெண் பிள்ளைகளுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை, மூன்று நாள். பீகாரிலிருந்து ஆள் எடுத்தால் தீபாவளி கழிந்து ஆறாம் நாள் சட் பூஜை. ஹாலிடே லிஸ்ட்டில் இதெல்லாம் இல்லையென்றால் "சொல்லாமல்" போகத்தான் செய்வார்கள். கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த பிறகு யார் கேட்பார்கள்? ரிசர்வேஷன் இப்போது 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது. ஒடிசா வழியாகப் போகிற தன்பாத் வண்டியில் அந்த நாளே உட்கார்ந்து எடுத்தால்தான் ஸ்லீப்பர் கிடைக்கும். தேதி கேட்டுப் போகவும் வரவும் சேர்த்து டிக்கெட்டை நீயே போட்டுக்கொடு. திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்கிறவர் வருவார். வருவாரா மாட்டாரா என்று பயந்து ஒரு மாதக் கூலியைப் பிடித்து வைக்கிறாயே, அதுதான் அவரை அடுத்த கம்பெனிக்குத் துரத்துகிறது.

காய்ச்சல் வந்தால் ஊருக்கு ஓடுவதும் இந்தக் கணக்கில் சேரும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கார்டை முதல் வாரமே கையில் கொடு. வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. காய்ச்சலில் படுத்த நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம் வாங்கத்தான், ஆறு மாத சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். சந்தாவைப் பிடித்துக்கொண்டு கார்டு தராமல் வைத்திருந்தால் அது யாருடைய சுபாவம்?

சோற்று விஷயம் சுலபம். அவர்களும் நம்மைப் போலப் புழுங்கலரிசிக்காரர்கள். பக்கால என்பது நம் பழைய சோறேதான், தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்து வெங்காயம், பச்சை மிளகாயோடு சாப்பிடுவது. அவர்களுக்கு ஒத்துவராதது மூன்று வேளையும் புளி. வாரம் மூன்று நாள் சாம்பாருக்குப் பதிலாக டால்மா வைக்கச் சொல். துவரம்பருப்பு, வாழைக்காய், பப்பாளிக்காய், பூசணி எல்லாம் சேர்த்து வேகவைத்து, வெந்தயம், சீரகம், கடுகு, சோம்பு, கருஞ்சீரகம் தாளித்து இறக்குவது. உருளைக்கிழங்கை மசித்துக் கடுகெண்ணெய் ஒரு கரண்டி விட்டால் தட்டு காலியாகிவிடும். உன் சமையல் மாஸ்டர் கடுகெண்ணெய் வாடைக்கு முகம் சுளிப்பார். அவர் எண்ணெயைப் புகைய விடாமல் ஊற்றுகிறார் என்று அர்த்தம். தாளிப்புக்கு முதலில் புகைய விட்டு, அடுப்பைக் குறைத்து, அப்புறம் போடச் சொல்.

ரூமில் அழுக்கு என்ற பேச்சுக்கு நீயே போய் டாய்லெட்டை எண்ணிப் பார். பத்துக்குப் பத்து ரூமில் எட்டுப் பேர், தலைக்கு இவ்வளவு என்று வாடகை, எட்டு ரூமுக்கு ஒரு கக்கூஸ், இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். நம் சொந்தக்காரர்களை அங்கே வைத்தாலும் அப்படித்தான் இருக்கும். புகையிலை துப்புவதற்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுப் பட்டால் பீஸ் போச்சு, கண்டிப்பாகவே இரு. ஆனால் நம்மூர் கட்டிங் மாஸ்டருக்கும் அதே கண்டிப்பு.

"கம்மிக் கூலிக்கு வந்து நம்ம பொழப்பைக் கெடுக்கிறான்" என்று உள்ளூர் ஆட்கள் சொல்வதை மட்டும் தள்ளிவிடாதே. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கம்மி எங்கே ஆகிறது என்று பார்: நீ கொடுக்கிற ஷிப்ட் கூலியில், ஆள் கொண்டுவந்து விட்ட ஏஜென்ட் வழியிலேயே எடுத்துக்கொள்கிறார். கமிஷனுக்குத் தனி பில் போடு, கூலியை ஆளின் கணக்கிலேயே நேராகப் போடு, ஒரே வேலைக்கு ஒரே ரேட்டைச் சுவரில் ஒட்டு. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ஹோலி சமயத்தில் ஸ்டேஷனில் கூட்டம் நெரிந்து, பீகாரிலிருந்து அதிகாரிகள் திருப்பூர்வரை வந்து பார்த்தார்களே, அப்படி ஒரு நாளில் பக்கத்து மெஷின்காரரோடு பழகியவர்களுக்குத்தான் ஊரிலிருந்து வருகிற போனுக்குத் தைரியமாகப் பதில் சொல்ல முடியும்.

கடைசியாக, ஆள் வளர வழி வை. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, வந்தவரைக் கைமடியாகவே மூன்று வருஷம் வைத்தால் நிற்க மாட்டார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அரை மணி ஒரு மெஷினை ஒதுக்கு. முதலில் சிங்கரில், அதாவது சாதாரணத் தையல் மெஷினில், நூல் கோக்காமல், பழைய ஊசி மாட்டி, கோடு போட்ட பேப்பரில் ஓட்டட்டும். பேப்பர் ஊசியை மழுக்கும், அதனால் புது ஊசி வேண்டாம். நேர்கோடு வந்தபின் வளைவு, அப்புறம் வேஸ்ட் துணியோடு ஓவர்லாக். அங்கே இரண்டு தப்பு எல்லோருக்கும் வரும். துணியை இழுத்துக் கொடுப்பார்கள், பனியன் துணி நீண்டு தையல் அலையடிக்கும். கத்திப் பக்கம் தாராளமாகத் தள்ளுவார்கள், அரை சென்டிமீட்டர் வெட்டுப்பட்டு அளவு குறைந்துவிடும். மெல்லிய நூல் மாதிரி ஓரம் மட்டும் உதிர வேண்டும். நூல் கோப்பதில், ஊசிக்குக் கீழே நூலைப் பின்னுகிற கொக்கியான லூப்பர் முதலில், ஊசி கடைசியில். கீழ் லூப்பரைக் கடைசியாகக் கோத்தால் மெஷினை ஓட்டியதும் நூல் அறுந்துபோகும், அவர்கள் தங்கள் கையைத்தான் சந்தேகிப்பார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடு. தேறியவர் எப்போது டெய்லர் ரேட்டுக்கு மாறுவார் என்று மாதத்தைக் குறித்துக் கையில் கொடு.

அடுத்த விநாயகர் சதுர்த்தி எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்து, அதற்கு ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி வட்டம் போட்டு வை. போன 11 பேரின் போன் நம்பர் உன் டைம் ஆபீஸில் இருக்கும். பாக்கிக் கூலியைக் கணக்கில் போட்டுவிட்டு அப்புறம் கூப்பிடு.

அத்தையைக் கேட்டதாகச் சொல். அப்புச்சியைப் பார்க்க வரும்போது ஒரு பாட்டில் கடுகெண்ணெய் கொண்டுவருகிறேன், உன் மாஸ்டருக்கு.

உன் மச்சான்