நவஹோக்களின் ஆடுகளையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் சங்கேதச் செய்தி அனுப்பிய, அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ வீரர்களைப் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் நவஹோ என்றாலே போர்க்களத்தோடு நிறுத்திக்கொள்கிறோமே என்று வருத்தமாக இருக்கிறது. அந்த மக்களின் வாழ்க்கை ஆடுகளைச் சுற்றி நடந்தது.

1863-64இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கிட் கார்சனின் படை அவர்களுடைய சோளக்கொல்லைகளை எரித்தது, மந்தைகளை அழித்தது. கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் பீச் பழ மரங்களைக்கூட ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். சரணடைந்தவர்களை நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோனார்கள். 1868 ஒப்பந்தத்தில்தான் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. 15,000 செம்மறிகளும் வெள்ளாடுகளும் வாங்கித் தர அரசு ஒப்புக்கொண்டதும் அதே ஒப்பந்தத்தில்தான்.

தாய்வழிக் குலமுறை கொண்ட அந்தச் சமூகத்தில் பெண்களுக்குச் சொந்த மந்தை இருந்தது. அவர்கள் வளர்த்த சுர்ரோ இனச் செம்மறியின் கம்பளி நீளமானது, பிசுக்கு குறைந்தது. தண்ணீர் அரிதான நிலத்தில் அதிகம் அலசாமலே கையால் நூற்று, நிமிர்ந்த தறியில் நெய்துவிடலாம்.

1930களில் மண்ணரிப்பைக் காரணம் காட்டி அரசு மந்தைகளைக் குறைத்தது. சரி, மண்ணரிப்பு இருந்தது உண்மை. அதற்காக, வளர்த்த பெண்களின் பேச்சைக் காதில் வாங்காமல், ஆடுகளைச் சுட்டு அப்படியே அழுக விட்டது கொடுமை. சுர்ரோ இனமே அழியும் நிலைக்குப் போய், 1970களுக்குப் பிறகு மீட்கப்பட்டு வருகிறது. அந்த மீட்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்