அந்த அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் சகோதர நகரக் கமிட்டியின் வெளிநாட்டு நல்லெண்ணப் பயணத்தில் உடம்புக்கு முடியாமல் அங்கேயே ஆஸ்பத்திரியில் கிடந்த டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுக் காலை யார் கையையும் பிடிக்காமல் அறையிலிருந்து வாசல்வரை நடந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பேனா பிடிக்கத் தைரியம் வந்தது. இதில் முன்னுக்குப் பின் வரிசை மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடந்தது என்று மறுபடி எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அந்தப் பதினொரு நாளும் போனில் என்னோடு இருந்தவர்கள். மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள். நன்றி சொல்ல மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன்.

ஊர் திரும்பியும் தூங்காமல் காப்பீட்டுக் காகிதங்களோடு அலைந்த குழு நண்பர்கள், டிக்கெட்டை மூன்று முறை மாற்றிக் கொடுத்தவர், டீச்சர் மகனுக்கு இரவெல்லாம் துணையிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், கேட்காமலே பணம் அனுப்பியவர்கள், அந்த ஊர் நகராட்சியின் வரவேற்புக் குழு, தேர்வு நேரத்திலும் தினமும் வந்து மொழிபெயர்த்த கல்லூரி மாணவி, மருத்துவர்கள், செவிலியர்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதமே எழுத வேண்டும். எழுதுவேன். இன்று எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் என்று வருத்தப்படாதீர்கள். இன்னொருவரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அவரை உங்களில் யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் இரவு. குழுவின் விமானம் கிளம்பிவிட்டது. மொழிபெயர்ப்பாளரும் அவர்களை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போயிருந்தார். அவசர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நான் மட்டும். என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சார்ஜர் கையில் இருக்கிறது, ஆனால் அந்த நாட்டுச் சுவரில் அது நுழையாது. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த அடாப்டர் யாரோ ஒருவர் பெட்டியில் விமானம் ஏறிவிட்டது. டீச்சர் மகனுக்கு அதுவரை தெரிந்தது, “அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம்” என்ற ஒரு வரிதான். அதற்கப்புறம் என்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவனுடைய எண்கூட எனக்கு மனப்பாடம் கிடையாது. எல்லாம் அந்த அணைந்துபோன போனுக்குள் இருந்தன.

நள்ளிரவுக்கு மேல், தரை துடைக்கும் ஒரு அம்மா அந்த நடைவழிக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் காலைத் தூக்கிக்கொண்டேன். அவர் துடைத்துவிட்டு நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைக் காட்டி ஏதோ கேட்டார். கறுத்துக் கிடந்த திரையைக் காட்டினேன். சார்ஜரின் பின்னைக் காட்டினேன். சுவரைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். ஒவ்வொரு அறையாகக் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். சற்று நேரம் கழித்து வந்து வெறுங்கையை விரித்தார். சரி, அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

விடியும் நேரத்தில் அவருடைய ஷிப்ட் முடிந்தது. கோட்டு மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அதே கோட்டோடு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கையில் ஒரு சின்னத் துணிப்பை. அதற்குள் அடாப்டர். வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறார். அவர் வீடு அந்த பஸ் வழித்தடத்தில் கடைசி நிறுத்தம் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பின்னால்தான் தெரிந்தது. இரவு முழுக்க நின்று வேலை பார்த்த ஒருவர், கடைசி நிறுத்தம்வரை போய், படுக்காமல், மறுபடி பஸ் ஏறி வந்திருக்கிறார்.

போன் உயிர்பெறும்வரை அவர் போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைவிடக் கவனமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சதவீதம். இரண்டு. நான்கு வந்ததும் அழைத்தேன். முதல் மணி முழுதாக அடிக்குமுன் அவன் எடுத்தான். “அம்மா இருக்காங்களா?” என்றான். இருக்கிறார் என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் என் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு எழுந்தார். நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது நடைவழியில் யாரும் இல்லை.

எனக்கு அப்போது டீச்சர் சொல்லும் கதைகள்தான் நினைவுக்கு வந்தன. சகோதர நகரக் கமிட்டி தொடங்கிய நாளிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் அவர் சொல்வது உங்களுக்குத் தெரியும். போரில் நொறுங்கிக் கிடந்த பிரான்சின் பிரெஸ்ட் நகரத்தைப் பார்த்துவிட்டு வந்தார், அமெரிக்காவின் டென்வர் நகரத்துப் பள்ளி ஆசிரியை அமாண்டா நெக்ட். அவருடைய மாணவர்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்த 32,000 டாலர் பிரெஸ்ட் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு கட்டப் போனது. இரண்டு ஊரும் 1948-ல், நாடு வேறானாலும் நட்பால் இணைந்த சகோதர நகரங்களாயின. இன்னொன்று இங்கிலாந்தின் கவென்ட்ரி. 1940 நவம்பரில் குண்டுவீச்சில் எரிந்த ஊர். அந்த ஊரின் 830 பெண்கள் ஒரு மேசைவிரிப்பில் தங்கள் பெயர்களைத் தையல் போட்டு, கையிலிருந்த காசையும் சேர்த்து, தங்களைப் போலவே போரில் அடிபட்ட சோவியத் நாட்டின் ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். பெரிய அனுதாபத்தைவிடச் சின்ன உதவி மேல் என்ற பொருளில் நடுவே ஒரு வரியும் தைத்திருந்தார்களாம். 1944-ல் அந்த ஊர்கள் கைகோத்தன.

நான் இவற்றை மேடைக்கு நல்ல கதைகள் என்று மட்டும் எண்ணியிருந்தேன். செயலாளர் என்ற முறையில் என் கவனமெல்லாம் ஒப்பந்த நகலிலும் நினைவுக் கேடயத்திலும் யார் எந்த நாற்காலியில் உட்கார்வது என்பதிலும் இருந்தது. அந்த வேலைகளும் வேண்டும்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான்கு நாள் நல்லெண்ணப் பயணத்தில் நாங்கள் கைகுலுக்கியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பதவியில் இருந்தவர்கள். அந்த ஊரில் தரை துடைப்பவர், பஸ் ஓட்டுபவர் ஒருவரோடும் நாங்கள் உட்கார்ந்து பேசவில்லை. அரசுகளைத் தாண்டி மக்கள் மக்களைச் சந்திக்க வேண்டும் என்று 1956-ல் அமெரிக்க அதிபர் ஐசனாவர் வாஷிங்டனில் மாநாடு கூட்டியதிலிருந்து அமெரிக்காவில் இந்த இயக்கம் பெரிதானது என்பதை நானே வரவேற்புரையில் வாசித்திருக்கிறேன். வாசித்தேனே தவிர, பயணத் திட்டத்தில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

அடுத்த ஆண்டு அவர்கள் குழு நம் ஊருக்கு வருகிறது. வரும் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் வைக்கப்போகிறேன். அந்தக் குழுவில் ஒரு இடம் அந்த அம்மாவுக்குத் தரும்படி அவர்கள் நகராட்சியைக் கேட்டு எழுத வேண்டும், செலவை நம் கமிட்டி ஏற்க வேண்டும். அப்புறம், வருகிறவர்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரும் நம்மில் ஒருவரும் இரவு பகல் கூடவே இருப்பதற்கு முன்கூட்டியே பட்டியல் போட வேண்டும். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அந்த நடைவழியில் தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அந்த அம்மாவுக்கு விடுமுறை. அடாப்டரைச் செவிலியரிடம் கொடுத்தேன். அவர் போன் போட்டுக் கேட்டார். வழியில் விமான நிலையத்தில் காத்திருக்க வேண்டி வரும், அவர்களே கொண்டுபோகட்டும் என்றாராம் அந்த அம்மா. உண்மையாகவே வழியில் ஏழு மணி நேரம் காத்திருந்தோம். டீச்சர் தன் மகனோடு போனில் பேசிக்கொண்டே வந்தார்.

நேற்று அந்த அடாப்டரை டீச்சரிடம் காட்டினேன். மயக்கத்தில் இருந்ததால் அந்த முதல் இரவு அவருக்குத் தெரியாது. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “அவங்க பேர் என்ன?” என்றார். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பார்த்திருந்தேன், ஆனால் அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். டீச்சர் தன் பழைய நோட்டை எடுத்துத் தரச் சொன்னார். பிரெஸ்டும் கவென்ட்ரியும் எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டி, அதற்குக் கீழே, கை நடுங்க நடுங்க, நம் எழுத்தில் அந்தப் பெயரை எழுதினார். ஓர் எழுத்து சரியா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டு, அடித்துத் திருத்தினார்.